டயர் சூட்டைத் தொடாமல் அளக்கலாம்... குறைந்த செலவில்!

ரேஸ் கார் பிட்டுக்குள் வந்து நின்றதும் மெக்கானிக் முதலில் ஓடுவது டயரிடம்தான். கையிலுள்ள கருவியின் ஊசி முனையை ரப்பருக்குள் லேசாகக் குத்தி, உள் விளிம்பு, நடு, வெளி விளிம்பு என மூன்று இடங்களில் சூடு பார்ப்பார். நான்கு டயருக்கும் சேர்த்து 12 எண்கள். காற்றைக் கூட்டுவதா, குறைப்பதா, சக்கரத்தின் சாய்வை மாற்றுவதா என்பதையெல்லாம் அந்த எண்களே சொல்லிவிடும்.

நடுப்பகுதி மட்டும் அதிகம் சுட்டால், காற்று அதிகம். விளிம்புகள் சுட்டு நடு ஆறியிருந்தால், காற்று போதவில்லை. உள் விளிம்பு மட்டும் மிக அதிகமாகச் சுட்டால், சக்கரத்தின் மேற்பகுதி காரை நோக்கி அளவுக்கு மீறிச் சாய்ந்திருக்கிறது. ‘கேம்பர்’ எனப்படும் அந்தச் சாய்வைக் குறைக்க வேண்டும். பெரிய பந்தயங்களில் ஓடும் ‘ஸ்லிக்’ டயர்கள் பெரும்பாலும் 80 முதல் 110 டிகிரி செல்சியஸுக்குள்தான் தரையை நன்றாகப் பிடிக்கும். அதற்குக் கீழே வழுக்கும். மேலே போனால் ரப்பர் பாழாகும்.

ஆனால், ஊசி சொல்வது கார் நின்ற பிறகு இருக்கும் நிலையை மட்டுமே. வளைவில் திரும்பும்போது டயரின் மேற்பரப்பு நொடிகளில் சூடேறி, நேர்ச்சாலையில் காற்றுபட்டு ஆறிவிடும். கார் மெதுவாக உருண்டு பிட்டுக்கு வருவதற்குள் மூன்று இடத்துச் சூடும் ஒன்றையொன்று நெருங்கத் தொடங்கும். எந்த வளைவில் எந்த டயர் திணறியது என்று தெரிய வேண்டுமானால், கார் ஓடும்போதே தொடாமல் அளக்க வேண்டும்.

நெற்றித் தெர்மாமீட்டரின் உறவு

கொரோனா காலத்தில் கடை வாசலில் நம் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தத் தெர்மாமீட்டர் வேலை செய்யும் விதம்தான் இதற்கும். சூடான எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிரை வீசும். கெல்வின் கணக்கில் வெப்பநிலையின் நான்காம் மடிக்கு ஏற்ப அந்த ஆற்றல் கூடும் என்று 1879-ல் ஜோசப் ஸ்டெஃபான் கண்டறிந்தார். 27 டிகிரியில் இருக்கும் டயர் 87 டிகிரிக்குப் போனால், அது வீசும் ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். சென்சார் இதைப் பிடித்து மின்சமிக்ஞையாக்குகிறது.

பெல்ஜியத்தின் மெலெக்சிஸ் நிறுவனம் தயாரிக்கும் ‘எம்.எல்.எக்ஸ். 90614’ இந்த ரகத்தில் பிரபலமானது. அதை வைத்த சிறு போர்டு ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒரு சென்சார் ஓர் இடத்தைத்தான் பார்க்கும் என்பதால், ஒரு டயருக்கு மூன்று தேவை. அதே நிறுவனத்தின் ‘எம்.எல்.எக்ஸ். 90640’ விலை கூடுதல். ஆனால், 32-க்கு 24 என 768 புள்ளிகளில் டயரின் முழு அகலத்தையும் ஒரே பார்வையில் படமாக்கிவிடும். பந்தயங்களுக்கென்றே தயாரித்து விற்கும் கருவிகளோடு ஒப்பிட்டால் இரண்டுமே மலிவு.

கவனம் தேவைப்படும் இடங்கள்

மலிவான சென்சாரை வாங்கி அப்படியே மாட்டினால் எண் வரும். அது உண்மையான எண்ணாக இருக்காது. 90614-ன் சாதாரண ரகத்துக்குப் பார்வைக் கோணம் 90 டிகிரி. 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் 20 சென்டிமீட்டர் அகலத்தை ஒன்றாகக் கலந்து சராசரி சொல்லும். உள் விளிம்பு, வெளி விளிம்பு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. குறுகிய கோணமுள்ள ரகத்தையே கேட்டு வாங்க வேண்டும்.

ரப்பரின் கதிர்வீச்சுத் திறன் சுமார் 0.95. சென்சாரோ, தொழிற்சாலையிலிருந்து 1 என்ற அளவோடு வருகிறது. இதைத் திருத்தாவிட்டால் 90 டிகிரி டயரைச் சுமார் 2 டிகிரி குறைத்துக் காட்டும். வெளியே மங்கலான கறுப்பு பெயின்ட் அடித்த டப்பாவில் வெந்நீர் ஊற்றிக் கலக்கி, உள்ளே நல்ல தெர்மாமீட்டரை வைத்து எல்லா சென்சார்களையும் ஒப்பிட்டுவிடுவது நல்லது. ஓரிரு டிகிரி பிசகைவிட, சென்சார்கள் தங்களுக்குள் முரண்படுவதுதான் ஆபத்து. டயரின் மூன்று இடங்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் நமக்கு முக்கியம்.

முன் சக்கரம் திரும்பும்; எனவே அதன் சென்சாரை பாடியில் பொருத்தாமல், சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் நக்கிளில் பொருத்த வேண்டும். புழுதியும் ரப்பர் துகளும் லென்ஸை மூடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் துடைக்க வேண்டும். பாதுகாப்புக்கு முன்னால் கண்ணாடி வைக்கவே கூடாது, சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை விடாது.

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டி பலமுறை நடந்திருக்கிறது. மாணவர்கள் தாங்களே வடிவமைத்த கார்களுடன் அதில் இறங்குகிறார்கள். இந்தக் கார்கள் எடை குறைந்தவை, ஓடும் தூரமும் சிறிது. டயர் போதிய அளவு சூடேறுவதே இவற்றுக்குப் பெரும்பாடு. இஞ்சினுக்கும் பாடிக்கும் லட்சங்கள் செலவழிக்கும் அணிகள், தரையைத் தொடும் ஒரே உறுப்பான டயரை ஊகத்தில் விடலாகாது. அடுத்த சீசனுக்குத் தயாராகும் மாணவர்களே, புது உதிரிபாகம் வாங்குவதற்கு முன் நான்கு சக்கரங்களுக்கும் சென்சார் வையுங்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் எண்களையும் காற்றழுத்தத்தோடு சேர்த்துக் குறித்துவையுங்கள். செலவு இனி தடையல்ல, அளக்கும் பழக்கம்தான் வேண்டும்.