எல்லை கடந்த அவைகள் – 6: சக உறுப்பினருக்காக எழும் கேள்வி

சட்டம் இயற்றுவதும், அரசைக் கேள்வி கேட்பதும், வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளிப்பதும் நாட்டின் எல்லைக்குள்ளேயே நடந்து முடிகிற பணிகள் என்பதால், வெளியுறவில் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஓர் இடம் உண்டு என்ற எண்ணம் பொதுவாக எழுவதில்லை. ஆனால் ஐக்கிய நாடுகள் சபைக்கும், அதற்கு முன்னிருந்த பன்னாட்டுச் சங்கத்துக்கும் பல ஆண்டுகள் முன்னதாகவே, 1889இல், 9 நாடுகளைச் சேர்ந்த உறுப்பினர்கள் பாரிஸில் கூடித் தமக்கென ஓர் அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள். தச்சுத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கித் தொழிற்சங்கத் தலைவராக உயர்ந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குச் சென்ற வில்லியம் ராண்டல் கிரீமரும், பிரெஞ்சுப் பொருளியலாளர் ஃபிரெடெரிக் பாசியும் முன்னின்று உருவாக்கிய அந்த அமைப்பே, இன்று ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு, 180க்கும் மேற்பட்ட நாடாளுமன்றங்களை உறுப்பினர்களாகக் கொண்டிருக்கும் ‘நாடாளுமன்றங்களுக்கு இடையேயான ஒன்றியம்’, சுருக்கமாக, ஐபியு.

அரசுகளுக்கிடையிலான தகராறுகளைப் போரால் அல்லாமல் நடுவர் தீர்ப்பால், அதாவது இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட மூன்றாம் தரப்பின் முடிவால் தீர்க்க வேண்டும் என்பதே நிறுவனர்களின் முதல் கோரிக்கையாக இருந்தது. 1899இல் ஹேக் நகரில் நிரந்தர நடுவர் மன்றம் உருவானதில் இந்த உறுப்பினர்கள் ஆண்டுதோறும் எழுப்பிய குரலுக்குப் பங்குண்டு. பாசிக்கு 1901இலும் கிரீமருக்கு 1903இலும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்ததும் இந்தப் பணிக்காகவே. முதல் உலகப் போரை அவர்களால் தடுக்க முடியவில்லை என்பது உண்மைதான் என்றாலும், அரசு போருக்குத் தயாராகும் வேளையிலும் எதிர்நாட்டின் மக்கள் பிரதிநிதியோடு பேசும் உரிமை தமக்கு உண்டு என்று உறுப்பினர்கள் நிலைநாட்டியது சிறிய சாதனையன்று.

ஐபியுவின் பேரவை ஆண்டுக்கு இருமுறை கூடுகிறது. ஒரு நாட்டிலிருந்து 8 உறுப்பினர்கள் வரை செல்லலாம். 10 கோடியும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நாடுகளுக்கு இந்த வரம்பு 10. தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு ஆண்களை மட்டுமோ பெண்களை மட்டுமோ அனுப்பும் நாடாளுமன்றம் தன் குழுவில் ஓர் இடத்தை இழப்பதோடு, அதன் வாக்குகளும் குறைகின்றன. வாக்களிப்பு முறை இன்னும் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு நாட்டுக்கும் அடிப்படையாக 10 வாக்குகளும், மக்கள்தொகைக்கு ஏற்பக் கூடுதல் வாக்குகளும் கிடைப்பதால் இந்தியா போன்ற பெரிய நாட்டுக்கு 23 வாக்குகள் உண்டு. ஆனால் அவை அனைத்தும் ஒரே பக்கம் விழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆளுங்கட்சியினர் ஆதரித்தும் எதிர்க்கட்சியினர் எதிர்த்தும் வாக்களிக்கலாம். தனியொருவர் 10 வாக்குகளுக்கு மேல் அளிக்க முடியாது. ஐக்கிய நாடுகள் சபையில் ஒரு நாடு என்பது ஒரே குரல். இங்கேயோ, ஒரு நாட்டுக்குள் இருக்கும் கருத்து வேறுபாடு அப்படியே பதிவாகிறது. நாடாளுமன்ற ஒத்துழைப்பைத் தூதரக உறவின் நகலாகக் கருதுவோர் காணத் தவறுவது இந்த வேறுபாட்டைத்தான்.

இந்தியாவின் சார்பில் ஐபியுவில் பங்கேற்கும் பணியை மேற்கொள்வது 1949இல் அமைக்கப்பட்ட இந்திய நாடாளுமன்றக் குழு. மக்களவைத் தலைவரே பதவிவழியில் அதன் தலைவர். 1969இலும் 1993இலும் ஐபியு மாநாடுகள் புதுதில்லியில் நடைபெற்றன. 1999இல் நஜ்மா ஹெப்துல்லா ஒன்றியத்தின் தலைவரானபோது அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண்மணி என்ற சிறப்பையும் பெற்றார்.

பேரவை நிறைவேற்றும் தீர்மானங்கள் எந்த அரசையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. அவற்றைத் தத்தம் அவையின் முன் வைப்பதும், அரசுக்குத் தெரிவிப்பதும், நடைமுறைக்குக் கொண்டுவர முயல்வதும் உறுப்பு நாடாளுமன்றங்களின் கடமை என்று ஒன்றியத்தின் சட்டவிதிகள் கூறுகின்றன. மாநாட்டு மேடையில் ஆற்றும் உரையைவிட இந்தக் கடமையே முதன்மையானது. ஊர் திரும்பியபின் அவையில் ஒரு கேள்வியாகவோ விவாதமாகவோ மாறாத தீர்மானத்துக்கு, அச்சிடப்பட்ட காகிதத்துக்கு மேல் மதிப்பில்லை.

ஒன்றியத்தின் பணிகளில் மிகுந்த கவனத்துக்கு உரியது 1976இல் தொடங்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைகளுக்கான குழு. கொலை, கடத்தல், சித்திரவதை, காரணமற்ற கைது, பதவிப் பறிப்பு ஆகியவற்றுக்கு உள்ளாகும் உறுப்பினர்கள் குறித்த முறையீடுகளை, வெவ்வேறு நாடுகளிலிருந்து ஒன்றியத்தின் ஆட்சிக்குழு தேர்ந்தெடுக்கும் 10 உறுப்பினர்கள் மூடிய அறையில் ஆராய்கிறார்கள். தம் சொந்த நாட்டின் வழக்கில் எவரும் பங்கேற்பதில்லை. முறையீடு ஏற்கப்பட்டதும் அந்நாட்டு நாடாளுமன்றத்திடம் விளக்கம் கேட்கப்படுகிறது. பேரவைக்கு வரும் அந்நாட்டுக் குழுவினர் நேரில் அழைக்கப்படுகிறார்கள். தேவைப்பட்டால் வழக்கு விசாரணைக்குப் பார்வையாளர் அனுப்பப்படுகிறார். குழுவின் முடிவுகளை ஆட்சிக்குழு ஏற்று வெளியிடுகிறது.

இலங்கையின் தமிழ் உறுப்பினர்களின் வழக்குகளை இந்தக் குழு தொடர்ந்து எடுத்துக்கொண்டது. மட்டக்களப்பைச் சேர்ந்த உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் 2005ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நள்ளிரவு வழிபாட்டின்போது தேவாலயத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவியும் காயமடைந்தார். யாழ்ப்பாணத்தின் முன்னாள் மேயரும் வழக்கறிஞருமான நடராஜா ரவிராஜ், சிங்கள மக்களிடம் அவர்கள் மொழியிலேயே தமிழர் நிலையை எடுத்துரைத்து வந்தவர், 2006 நவம்பர் 10 அன்று கொழும்பில், தம் பாதுகாவலரோடு கொல்லப்பட்டார். தியாகராஜா மகேஸ்வரன் 2008 புத்தாண்டு நாளில் கொழும்புக் கோயிலொன்றில் சுட்டுக் கொல்லப்பட்டார். இவர்களது பெயர்கள் ஒன்றியத்தின் ஆவணங்களில் கூட்டத்துக்குக் கூட்டம் இடம்பெற்றன; கொலையாளிகள் தண்டிக்கப்படாவிட்டால் அது எஞ்சியிருக்கும் உறுப்பினர்களின் வாயையும் அடைத்துவிடும் என்பதே குழு மீண்டும் மீண்டும் முன்வைத்த வாதம்.

அந்த வாதத்துக்கு நீதிமன்றங்களில் கிடைத்த விடை ஏமாற்றமளிப்பது. ரவிராஜ் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டோரை 2016 டிசம்பரில் ஜூரி விடுவித்தது. பரராஜசிங்கம் வழக்கை மேற்கொண்டு நடத்தப்போவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்பு அறிவித்ததால், 2021 ஜனவரியில் அதிலும் குற்றம் சாட்டப்பட்டோர் விடுதலையாயினர். ஜெனீவாவில் இருக்கும் ஒரு குழுவால் ஒரு சாட்சியைக்கூடக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதை இவ்வழக்குகள் காட்டுகின்றன. எனினும், கொல்லப்பட்டவர் எந்த அவையில் அமர்ந்திருந்தாரோ அதே அவையின் பிரதிநிதிகள், எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், பிற நாட்டு உறுப்பினர்களின் முன் அமர்ந்து, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கூற வேண்டியிருந்தது. அந்தக் கேள்வியைத் தம் நாட்டின் மேற்பார்வைக் குழுக்களில் எழுப்பும் அதிகாரம் அவர்களிடமே இருந்தது, ஜெனீவாவிடம் அன்று.