வீட்டுப் பாடம் யாருக்கு?

மாதுங்காவானாலும் சரி, செம்பூரானாலும் சரி, தாராவியானாலும் சரி, மாலை ஏழு மணிக்கு ஒரு தமிழ்க் குடும்பத்தின் வாயிற்படியில் சற்று நின்றால் உள்ளேயிருந்து ஒரே விதமான சம்பாஷணை காதில் விழும். "இன்னும் எத்தனை பக்கம் பாக்கி?" என்று தாயார் கேட்பார். "ரெண்டு" என்று குழந்தை சிணுங்கும். "கோட்டுக்கு மேலே போகாமல் எழுது; நாளைக்கு டீச்சர் என்னைத்தான் கேட்பார்கள்" என்பது அடுத்த வாக்கியம். இதற்கிடையே அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். குழந்தைக்கு வயது ஆறு. படிப்பது முதல் வகுப்பு.

அந்த இரண்டு பக்கங்களைப் பற்றித்தான் இந்த மாதம் நம் வாசகர்களோடு பேச விரும்புகிறோம். சிறு குழந்தைகளுக்கு வீட்டுப் பாடம் வேண்டுமா, வேண்டாமா என்று விசாரித்தால் ஒரே வீட்டில் இரண்டு விடைகள் கிடைக்கின்றன. பெரும்பாலும் தகப்பனார் வேண்டும் என்கிறார்; தாயார் வேண்டாம் என்கிறார். வேண்டும் என்பவர் உடன் உட்கார்ந்து எழுத வைப்பவர் அல்லர் என்பதைத் தாய்மார்கள் சுட்டிக் காட்டுகின்றனர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் தகப்பனாரின் கட்சியை அவ்வளவு எளிதில் தள்ளிவிடலாகாது.

சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்ற சான்றிதழோடு ரயிலேறி வந்து மாதுங்காவில் ஒண்டுக் குடித்தனம் தொடங்கியவர்கள் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து புறப்பட்டு வந்து, தாராவியின் தோல் பதனிடும் தொட்டிகளில் நின்று உழைத்தவர்களும் உண்டு. சாதியாலும் தொழிலாலும் வேறுபட்டிருந்த இவ்விரு சாராருக்கும் பொதுவாக இருந்த நம்பிக்கை ஒன்றே: பிள்ளை படித்துவிட்டால் பிழைத்துக்கொள்வான். இவ்வூரில் நமக்குக் காணி நிலம் இல்லை. கைதூக்கிவிடும் செல்வாக்குள்ள உறவினரும் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையால் இட்ட சரிக்குறியே நம் ஆஸ்திப் பத்திரம். ஆகவே, "எழுதட்டும், கை ஒடிந்துவிடாது" என்று ஒரு தகப்பனார் சொல்லும்போது அது கடுமை அன்று, அச்சம்.

அச்சம் நியாயமானதே. அதற்கு மருந்து இதுதானா என்பதே கேள்வி.

முதலில் சட்டதிட்டம் என்ன கூறுகிறது என்று பார்ப்போம். ஏனெனில் நம் பெற்றோரில் பலர் இதை அறியார். இந்தக் கதையின் தொடக்கத்தில் நம்மவர் ஒருவரே நிற்கிறார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மைசூரில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர். கே. நாராயண், தலைமையாசிரியர் ஒருவரின் மகன். 1935-இல் வெளியான அவருடைய முதல் நாவலாகிய 'சுவாமியும் நண்பர்களும்' தொடங்குவதே ஒரு திங்கட்கிழமைக் காலையில், செய்யாத வீட்டுப் பாடங்களோடுதான். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது, 1989-இல் தம் கன்னிப் பேச்சுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் பள்ளிப் பையின் சுமை. எத்தனையோ பெரிய விவகாரங்கள் இருக்க, இதைப் போய் ஒருவர் பேசுகிறாரே என்று சிலர் வியந்திருக்கலாம். அப்பேச்சு வீண் போகவில்லை. பேராசிரியர் யஷ்பால் தலைமையில் 1992-இல் மத்திய அரசு ஒரு குழுவை நியமித்தது. 1993-இல் அக்குழு அளித்த அறிக்கை, தொடக்க வகுப்புகளில் வீட்டுப் பாடமே கூடாது என்றும், வீட்டைச் சுற்றியுள்ள உலகைக் குழந்தை தானே ஆராய்ந்து பார்ப்பதற்கு மட்டும் விலக்கு அளிக்கலாம் என்றும் பரிந்துரைத்தது.

பரிந்துரை ஏட்டில் இருந்தது. பை முதுகில் இருந்தது. 2018 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப் பாடம் தரலாகாது என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கெல்லாம் அவ்வாறே எழுதியது. 2020-இல் வெளியான பள்ளிப் பைக் கொள்கை கணக்கை இன்னும் தெளிவாக வகுத்தது: 2-ஆம் வகுப்பு வரை வீட்டுப் பாடம் இல்லை, 3 முதல் 5 வரை வாரத்திற்கு 2 மணி நேரத்துக்கு மேற்படலாகாது, 6 முதல் 8 வரை நாள் ஒன்றுக்கு 1 மணி. நாளைக்கு இரண்டு மணி அன்று, வாரத்திற்கு இரண்டு மணி என்பதைப் பெற்றோர் மறுமுறை படித்துக்கொள்ள வேண்டும். பள்ளிப் பையின் எடையும் குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது அதே ஏற்பாடு.

ஆராய்ச்சியாளர் கூறுவதும் இதற்கு மாறாக இல்லை. அமெரிக்கக் கல்வியாளர் ஹாரிஸ் கூப்பர் அந்நாட்டில் நடந்த ஆய்வுகளை 1989-இலும், பின்னர் வேறு இருவருடன் சேர்ந்து 2006-இலும் திரட்டி ஆராய்ந்தார். உயர் வகுப்பு மாணவரிடத்தில் வீட்டுப் பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் தெளிவான தொடர்பு தென்பட்டது. தொடக்க வகுப்புகளில் அத்தொடர்பு மிகவும் மெலிந்திருந்தது. கூப்பர் வீட்டுப் பாடத்தின் பகைவர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வகுப்பு ஒன்றுக்குப் பத்து நிமிஷம் என்ற அளவே அவர் ஆதரிப்பது. முதல் வகுப்புக்குப் பத்து, மூன்றாம் வகுப்புக்கு முப்பது.

இந்த நாட்டில் பத்து நிமிஷத்தோடு விடும் தாயார் யார்? 2018-இல் வார்க்கி அறக்கட்டளை 29 நாடுகளில் 27,000-க்கு மேற்பட்ட பெற்றோரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. பிள்ளையின் படிப்புக்கு வீட்டில் உதவுவதற்காக வாரத்தில் எத்தனை மணி நேரம் செலவிடுகிறீர்கள் என்பது அதில் ஒரு கேள்வி. இந்தியப் பெற்றோர் சராசரியாக 12 மணி நேரம் என்றனர். 29 நாடுகளிலும் இதுவே முதலிடம். பின்லாந்தில் 3.1 மணி, ஜப்பானில் 2.6 மணி. ஜப்பானியர் கல்வியில் அக்கறையற்றவர் என்று யாரும் கூறத் துணியார். நம் பன்னிரண்டு மணியில் பாசமும் உண்டு. பள்ளிக்கூடம் செய்ய வேண்டிய வேலையை நாம் தூக்கிச் சுமப்பதும் உண்டு.

அப்படியிருக்க, பள்ளிகள் ஏன் இன்னும் இரண்டு பக்கம், மூன்று பக்கம் என்று எழுதி அனுப்புகின்றன? ஆசிரியைகளைக் கேட்டால் அவர்கள் நம்மைத்தான் காட்டுகின்றனர். "கொடுக்காவிட்டால் பெற்றோர்கள் வந்து சண்டை பிடிக்கிறார்களே! இவ்வளவு பணம் கட்டுகிறோம், நோட்டு வெறுமையாக வருகிறதே என்கிறார்களே!" என்று ஓர் ஆசிரியை நம்மிடம் நேரில் சொன்னார். கண்ணுக்குத் தெரியும் சரக்கு அந்த நோட்டு ஒன்றுதான். ஆகவே பெற்றோரைத் திருப்தி செய்யப் பள்ளி கொடுக்கிறது. பள்ளி கொடுக்கிறதே என்று பெற்றோர் எழுத வைக்கின்றனர். 'புராஜெக்ட்' என்னும் கைவேலை இதனினும் விசேஷம். சூரிய மண்டலத்தை ஒரு ஏழு வயதுப் பெண் நாளைக் காலைக்குள் செய்து வர வேண்டும் என்றால், இரவு பதினோரு மணிக்கு உருண்டைகளுக்கு வர்ணம் பூசுகிறவர் அவளுடைய தந்தையார்தான். பள்ளிக்கு அருகே உள்ள எழுதுபொருள் கடைகளில் ஆயத்தமான சூரிய மண்டலமே விலைக்குக் கிடைக்கிறது. கடைக்காரர் மட்டும் நன்றாகத் தேர்ச்சி பெற்று வருகிறார்.

இவையெல்லாம் எல்லா வீட்டுக்கும் பொது. நம் வீடுகளுக்கே உரிய சங்கடங்கள் சில உண்டு. ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்த நம் குழந்தை முதல் வகுப்பிலேயே ஆங்கில எழுத்து, தேவநாகரி எழுத்து என இரண்டு வரிவடிவங்களைச் சந்திக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரச் சட்டத்தால் மராத்தி எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயம். இது முறையே, இருக்கும் ஊரின் மொழியைக் கற்பது நமக்கு நன்மையும் மரியாதையும் ஆகும். 2025-இல் முதல் வகுப்பிலிருந்தே இந்தியை மூன்றாம் மொழியாக வைக்கும் ஏற்பாடு வந்து, ஜூன் மாத இறுதியில் திரும்பப் பெறப்பட்டது. குழந்தைக்கு மூன்று மொழியா என்று ஊரே வாதாடியபோது, நம் குழந்தைக்கு அது நான்காவது என்பதை எண்ணிப் பார்த்தவர் குறைவு.

எண்களையே எடுத்துக்கொள்வோம். தமிழில் இருபத்தேழு என்றால் முன்னே இருபது, பின்னே ஏழு. எழுதும் வரிசையும் அதுவே. மராத்தியில் அது 'சத்தாவீஸ்'. ஏழு முன்னே வருகிறது. முப்பத்தொன்பதோ நாற்பதுக்கு ஒன்று குறைவு என்னும் பொருளில் வருகிறது. 27-ஐ 72 என்று குழந்தை எழுதிவிட்டால் மந்தபுத்தி என்று அடிக்கக் கை ஓங்குகிறோம். மராத்திக் குழந்தைகளே இதில் தடுமாறுகிறார்கள் என்பதனால்தான், 2019-இல் மாநிலப் பாடநூல் நிறுவனமாகிய பாலபாரதி இரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் 'வீஸ் சாத்', அதாவது இருபது ஏழு, என்று நேராகச் சொல்லும் முறையைப் புகுத்தியது. அதைக் குறித்துப் பெரும் விவாதமே நடந்தது. நம் முறையில் அந்த வசதி முதலிலிருந்தே இருக்கிறது. வீட்டில் தமிழில் எண்ணப் பழகிய குழந்தைக்குப் பத்துகளும் ஒன்றுகளும் கேளாமலே விளங்கும். (எண்பதுக்குப் பின் தொண்ணூறு வந்து சிறிது விளையாட்டுக் காட்டும், அது போகட்டும்.)

தாயார் தமிழ் மட்டுமே படித்தவராயின் நிலைமை இன்னும் கடினம். தேவநாகரியில் நான்கு 'க' உண்டு, நம்மிடம் ஒன்றே. பிள்ளை எழுதியது சரியா, பிழையா என்று அவரால் கூற இயலாது. ஆகவே ஐந்து வயதிலேயே டியூஷன். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் ஒரே அறையில் இருபது குழந்தைகள் நெருக்கியடித்து உட்கார்ந்து வீட்டுப் பாடம் முடிக்கும் காட்சியைக் காணலாம். தாயார் ஒரு நாளின் கூலியில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குகிறார். படித்த வீட்டுக் குழந்தைக்குத் தாயின் மடியில் கிடைக்கும் உதவியைப் படியாத வீடு பணம் கொடுத்து வாங்குகிறது. பணம் இல்லாத வீட்டுப் பிள்ளை மறுநாள் வகுப்பில் எழுந்து நிற்கிறது. வீட்டுப் பாடத்தை எதிர்ப்பதற்கு நமக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. ஒரு சாலில் மட்டும் நாம் வேறொரு ஏற்பாட்டைக் கண்டோம். பக்கத்து வீட்டு மராத்திய அம்மாள் நம் பெண்ணின் மராத்திப் பாடத்தைப் பார்க்கிறார். நம் தாயார் அவர் பையனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். பைசாச் செலவில்லை, இட்லியும் பூரண்போளியும் கைமாறுவதே கட்டணம்.

ஆனால் இவ்வளவிலும் கணக்கில் வராமல் போவது ஒன்று இருக்கிறது. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தியும் மராத்தியும். தமிழ் வழிப் பள்ளிகளை மாநகராட்சி நடத்தி வருகிறது; எனினும் நம்மில் பெரும்பாலோர் பிள்ளைகளை அங்கே அனுப்புவதில்லை. குழந்தைக்குத் தமிழ் கிடைக்கும் நேரம், தந்தையார் லோக்கல் ரயிலிலிருந்து இறங்கி வருவதற்கும் குழந்தை உறங்குவதற்கும் இடைப்பட்ட ஒரு மணி, ஒன்றரை மணி. அந்த நேரத்தில் வீட்டில் பேசப்படும் தமிழ் எது? "எழுது", "அழி", "மறுபடியும் எழுது", "தூங்காதே". வேறு சொற்களுக்கு இடமில்லை. பாட்டியிடம் தொலைபேசியைக் கொடுத்தால், "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்" என்பதற்கு மேல் பிள்ளைக்குப் பேச்சு ஓடாமற் போவது ஏன் என்று வியக்கிறோம்.

"தமிழ் சோறு போடுமா, சார்? முதலில் மார்க்கு வரட்டும்" என்று ஓர் அன்பர் நம்மிடம் வெளிப்படையாகவே கேட்டார். மார்க்கை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தாய்மொழியில் நிறையக் கேட்டும் பேசியும் வளர்ந்த குழந்தை பிற மொழிகளையும் உறுதியாகப் பற்றிக்கொள்கிறது என்பது மொழிக் கல்வி ஆய்வாளர் பலரும் ஒப்பும் செய்தி. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டமும், இயன்ற அளவு தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்கிறது. 2020-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கை குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை அதையே விரும்புகிறது. அவ்விருப்பம் இவ்வூரில் நம் பிள்ளைக்குப் பள்ளியில் நிறைவேறப் போவதில்லை. மாலை நேரத்தையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் அல்லவா?

காப்பாற்றியவர்கள் இருக்கிறார்கள். செம்பூரில் ஒரு வகுப்புத் தாய்மார் எட்டுப் பேர் ஒன்றுகூடி, 2020-ஆம் ஆண்டுக் கொள்கையின் அந்த ஒரு பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு பெற்றோர் கூட்டத்திற்குச் சென்றனர். தனியாகப் போனால் பிள்ளைக்கு ஏதேனும் இடையூறு வருமோ என்ற பயம் இருந்தது. எட்டுப் பேராகப் போனதில் அது இல்லை. தலைமையாசிரியை முதலில் முகம் சுளித்தார். பிறகு, "எழுதி வேண்டாமென்று கேட்ட பெற்றோர் நீங்கள்தான் முதல்" என்று சொல்லி, இரண்டாம் வகுப்பு வரை நிறுத்திவிட்டார். மூன்றாம் வகுப்பில் மட்டும் வாரம் இரண்டு மணி என்பது இன்னும் நான்கு மணியாகத்தான் நடக்கிறதாம்.

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பற்றியும் ஒரு சொல். அங்கும் சில பெற்றோர், "உயிர்மெய் எழுத்துக்களைப் பத்துப் பத்துத் தடவை எழுதி வரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எப்படி வரும்?" என்று கேட்டனர். தமிழுக்கு எழுத்து 247. பத்துத் தடவை என்றால் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியை இணங்கவில்லை. அடுத்த வாரம் வரும்போது வீட்டில் யாரிடமாவது கேட்டு ஒரு புதுச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தால் போதும் என்றார். முதல் வகுப்புப் பையன் ஒருவன், தூத்துக்குடிக்காரரான தன் தாத்தாவிடம் கேட்டு வந்தது பதினோரு மீன்களின் பெயர். அவற்றில் நான்கை ஆசிரியையே அதுவரை கேள்விப்பட்டதில்லை.