பட்டனை அமுக்கியும் மெயில் போகலையா? பழைய கோடிங்கை மாத்துங்க!

வடக்குப்பட்டு:

ஒரகடம் கம்பெனிகளில் ஷிப்ட் முடித்துவிட்டு ரூமில் உட்கார்ந்து வெப் டிசைனிங் பழகும் வாலிபர்கள் வடக்குப்பட்டு பக்கம் உண்டு. கலர், படம், மெனு எல்லாம் சீக்கிரம் வந்துவிடும். 'தொடர்புக்கு' பாரம் வைக்கும்போதுதான் தகராறு.

எச்.டி.எம்.எல். தானாக மெயில் அனுப்பாது. சர்வரில் ஓடும் பி.எச்.பி.தான் அனுப்ப வேண்டும். அதற்கு 2001-ல் வந்த இலவச ரெடிமேட் கோடிங்தான் பி.எச்.பி.மெயிலர். வேர்ட்பிரஸ்சுக்குள்ளும் இதுதான் இருக்கிறது.

2016 டிசம்பரில் இதில் பெரிய ஓட்டை தெரியவந்தது. சரியாக சோதிக்காத சைட்டுகளில், அனுப்புபவர் மெயில் ஐ.டி. கட்டத்தில் கட்டளையை டைப் செய்து ஆசாமிகள் சர்வருக்குள்ளேயே புகுந்துவிடலாம். 5.2.18-ல் அடைத்தார்கள். அது பத்தவில்லை. சில நாளிலேயே 5.2.20 விட வேண்டியதாயிற்று.

2017-ல் வந்த 6.0-ல் பைல் பெயர், கூப்பிடும் முறை எல்லாம் மாறியது. பழைய வீடியோவைப் பார்த்து அப்படியே எழுதினால் எரர்தான் வரும். அதுக்காக 5.2-ஐயே தேடிப்பிடித்து போட்டால் வம்பு. அதற்கு இப்போது பாதுகாப்பு அப்டேட்டே கிடையாது. காசு கொடுத்த கடைக்காரர் சைட்டில் இருந்து குப்பை மெயில் பறந்தால் யார் பதில் சொல்வது?

ஜிமெயில் வழியாக அனுப்பினால் இன்னொரு சிக்கல். 2022 மே 30-ந்தேதிக்குப் பிறகு இதற்கு சாதா பாஸ்வேர்டு செல்லாது. இரண்டடுக்கு சோதனையை ஆன் செய்து, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுத்து போட வேண்டும். நண்பன் கோடிங் கேட்டால் அந்த வரியை அழிச்சுட்டு அனுப்புங்க.