கோழியும் வேணும், கீரையும் வேணும்!



"கோழி வளர்த்தா தோட்டம் மிஞ்சாது, தோட்டம் போட்டா கோழியை வித்துடணும்." நம்ம ஊர்ப் பக்கம் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். குழுவில் உள்கடன் எடுத்து, ஆனி மாதம் பத்துப் பெட்டைக் கோழியும் ஒரு சேவலும் வாங்கினேன். ஆடியில் போட்ட கீரைப் பாத்தியை ஒரே காலையில் கிளறித் தள்ளிவிட்டன. சரி, முட்டையாவது கிடைக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பங்குனியில் கழிச்சல் வந்தது. ஆறே நாளில் ஒன்பது கோழி போச்சு. கோழி செத்துப்போச்சு என்று தவணை நிற்குமா? மிச்சம் இருந்த ஏழு தவணையையும் கூலி வேலைக்குப் போய்த்தான் கட்டினேன்.

பிறகுதான் கால்நடை மருத்துவரிடமும், ஊரில் மூத்த பெண்களிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கோழிக்கும் தோட்டத்துக்கும் பகை இல்லை. ஒன்றின் கழிவு இன்னொன்றுக்குச் சாப்பாடு. ஆனால் வேலி, மக்கிய எரு, தடுப்பூசி இந்த மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் நஷ்டம் நமக்குத்தான்.

வேலி

ஒரு சென்ட் இடம் இருந்தால் ஒரு குடும்பத்துக்குக் கீரை, கத்தரி, வெண்டை, கொத்தவரை போட்டுக்கொள்ளலாம். அதைச் சுற்றி இடுப்பளவு வேலி போடுங்கள். காசு போட்டுக் கம்பி வாங்கவேண்டாம். முள், தென்னை மட்டை, பழைய மீன் வலை எது கிடைத்தாலும் சரி. அடியில் சந்து இருக்கக்கூடாது. குஞ்சு நுழைந்தால் தாய்க் கோழியும் வழி தேடும். வேலி ஓரமாக அகத்தியும் முருங்கையும் வைத்தால் அதுவே பிற்பாடு உயிர்வேலி ஆகிவிடும். அவரை, பீர்க்கு, புடலைப் பந்தலைக் கோழிக்கூட்டுப் பக்கம் போட்டால் வெயில் காலத்தில் கோழிக்கு நிழலும் ஆச்சு.

காய் ஓய்ந்தபின் செடியைப் பிடுங்கிவிட்டுப் பத்துப் பதினைந்து நாள் கோழிகளை உள்ளே விடுங்கள். மண்ணில் இருக்கும் புழுவையும் களை விதையையும் பொறுக்கித் தின்னும். கிளறுவதால் மண்ணும் பொலபொலப்பாகும். அப்புறம் கோழியை வெளியேற்றி, எரு போட்டுக் கொத்திவிட்டு, சில வாரம் ஆறவிட்டு விதைக்கலாம். அன்று என் பாத்தியைக் கெடுத்த அதே கால்தான் இன்று எனக்கு உழவு ஓட்டுகிறது!

மக்கிய எரு

கோழி எச்சத்தை அப்படியே செடிக்குப் போடாதீர்கள். அது சூடு. வேர் கருகி, செடி இரண்டே நாளில் வாடிப்போகும். அதில் இருக்கும் கிருமி கீரையில் ஒட்டி நம் வயிற்றுக்கும் வரும்.

நிழலில் மூன்று அடிக்கு மூன்று அடிக் குழி எடுங்கள். கூட்டிய எச்சம் ஒரு கூடை என்றால், காய்ந்த சருகும் வைக்கோலும் இரண்டு கூடை. ஆட்டுப்புழுக்கை, காய்கறித் தோல், அடுப்புச் சாம்பல் கொஞ்சம் எல்லாம் போடலாம். பிழிந்த துணி மாதிரி ஈரம் இருந்தால் போதும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். மூன்று மாதத்தில் மக்கிவிடும். கையை உள்ளே விட்டால் சூடு தெரியக்கூடாது. மோந்தால் மண்வாசனை வரவேண்டும். அதுதான் பக்குவம்.

தோட்டம் தரும் தீனி

முற்றிய கீரை, பூச்சி விழுந்த காய், கழித்த இலை இவையெல்லாம் கோழிக்குத் தீனி. அகத்தி, கல்யாணமுருங்கைத் தழையை ஆட்டுக்குக் கட்டுங்கள். தரையில் போட்டால் மிதித்து வீணாக்கும். தலை உயரத்தில் கட்டாகத் தொங்கவிட்டால் ஒரு இலை மிஞ்சாது.

குஞ்சுகளுக்குக் கரையான் நல்ல சத்துத் தீனி. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், இற்றுப்போன ஓலை எல்லாம் திணித்துத் தண்ணீர் தெளியுங்கள். சாயங்காலம் கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில், வீட்டுச் சுவருக்குத் தள்ளி, கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் எடுத்து உதறினால் குஞ்சுகள் ஓடிவந்து தின்னும். செலவு ஒரு காசு இல்லை.

பூச்சி வந்தால்

கடையில் விற்கும் விஷ மருந்தை வீட்டுத் தோட்டத்தில் அடிக்கவே கூடாது. அதில் செத்த புழுவைக் கோழி தின்னும்; அந்த முட்டையை நம் பிள்ளை தின்னும். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும்போது கொட்டையைப் பொறுக்கிக் காயவைத்துக்கொள்ளுங்கள். தோல் நீக்கிய பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கணக்கில் துணியில் கட்டி ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் நன்றாகப் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கலாம். அன்றைக்கே கரைத்து அன்றைக்கே தெளித்துவிடவேண்டும்.

தடுப்பூசி

சகோதரிகளே, மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கோழி தலை தொங்கி, இறக்கை தளர்ந்து, வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். மூச்சு வாங்கும். சிலது கழுத்தைத் திருகிக்கொள்ளும். இதுதான் கழிச்சல் நோய். இராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். வந்தபிறகு குணமாக்க மருந்து கிடையாது. வராமல் தடுக்க மட்டுமே முடியும்.

குஞ்சு பொரித்த 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து. 6 முதல் 8 வாரத்தில் இறக்கைத் தோலுக்கு அடியில் ஊசி. அடுத்து எப்போது என்று மருத்துவர் சொல்வார். தமிழ்நாட்டில் அரசு கால்நடை மருந்தகங்களில் இதை இலவசமாகப் போடுகிறார்கள். கோடைக்கு முன்னால், பெரும்பாலும் பிப்ரவரியில், ஊர் ஊராக முகாமும் நடக்கும். நான் அந்த வருடம், "நல்லாத்தானே மேயுது, எதுக்கு ஊசி?" என்று இருந்துவிட்டேன். நல்லா மேயும்போதுதான் போடவேண்டும். நோய் கண்ட கோழிக்குப் போட்டுப் பயன் இல்லை.

ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். அன்று விடியும் முன் கோழியைத் திறந்துவிடாதீர்கள், விட்டால் பிடிக்கமுடியாது. மருந்து பனிக்கட்டியில் இருக்கவேண்டும். சூடு பட்டால் கெட்டுவிடும். ஒரு சின்னக் குப்பியிலேயே பல பத்துக் கோழிக்கு மருந்து இருக்கும். கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும். ஒரு வீட்டு ஐந்து கோழிக்காகக் குப்பியை உடைத்தால் மிச்சம் வீண். அதனால்தான் சொல்கிறேன், இது ஒரு வீட்டு வேலை இல்லை, குழு வேலை. நம் கோழிக்குப் போட்டு, பக்கத்து வீட்டில் போடாவிட்டால் நோய் ஊரைவிட்டுப் போகாது.

சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே அடைத்து வைத்துப் பாருங்கள். நோய்க்கோழியை விற்காதீர்கள், செத்ததைக் குப்பையில் எறியாமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். நாம் விற்கும் நோய், அடுத்த ஊர்ச் சகோதரியின் கடனாக மாறும்.

விற்பதற்கு முன்னால்

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. நம் குழுவில் இருபது பேர் என்றால் பத்துப் பேருக்கு மேல் இருக்கலாம். முட்டையை எல்லாம் விற்று, முருங்கைக் கீரையை ஆட்டுக்குப் போட்டுவிட்டு, நாம் ஊறுகாயோடு பழைய சோறு சாப்பிட்டால் என்ன அர்த்தம்? முதல் பங்கு வீட்டுக்கு. அதிலும் பிள்ளைக்கும் வீட்டுக்காரருக்கும் வைத்துவிட்டு நாம் பட்டினி கிடக்கவேண்டாம். மிஞ்சியது சந்தைக்குப் போகட்டும்.

அடுத்த கூட்டத்தில் சந்தா, தவணைக் கணக்கு முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். யார் வீட்டில் எத்தனை கோழி, எத்தனை குஞ்சு என்று ஒரு தாளில் எழுதுங்கள். தீர்மானம் போட்டு, ஊக்குநரும் பிரதிநிதியும் அந்தத் தாளோடு கால்நடை மருந்தகத்துக்குப் போய் நாள் கேட்டு வாருங்கள். என் ஒன்பது கோழியை அன்று காப்பாற்றியிருக்கக்கூடியது அந்த ஒரு தாள்தான்.