சுற்றிச் சுற்றி ஏறும் ரயில்



ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ரயிலுக்கு மாடி ஏறத் தெரியுமா? "அதெப்படிப்பா ஏறும்?" என்றுதான் கேட்பீர்கள். இரும்புத் தண்டவாளம், அதன் மேல் இரும்புச் சக்கரம். இரண்டும் வழவழப்பு. சமதளத்தில் சர்ருனு ஓட இந்த வழவழப்புதான் உதவுகிறது. ஆனால் மேட்டில் அதுவே எதிரி. கொஞ்சம் செங்குத்தாகப் போனாலே சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், வண்டி நகராது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. இந்தக் கோடை விடுமுறையில் கையால் செய்து பார்த்தேன். கோவையில் இருக்கும் என் மாமா ரயில்வேயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டில் ஒரு சின்ன அறையில் மாதிரி ரயில் ஓட்டுகிறார். பொம்மை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும்! நிஜ ரயிலை 160 மடங்கு சுருக்கிய அளவு அது. இதற்கு 'என்' அளவு என்று பெயர். (என் அளவு, உன் அளவு இல்லீங்க. ஆங்கில எழுத்து 'என்'!) தண்டவாளத்தின் அகலம் வெறும் 9 மி.மீ.

பிரச்சினை என்ன?

அறை 12 அடி நீளம், 10 அடி அகலம். கீழே ஒரு ஊர், அதற்கு 30 செ.மீ. மேலே பலகையில் ஒரு மலை ஊர். கீழே இருந்து ரயில் மேலே போக வேண்டும். நேராகச் சாய்வுப் பலகை போட்டால் என்ன என்று கேட்டேன். மாமா ஒரு தாளை நீட்டி, "நீயே கணக்குப் போடுடா" என்றார்.

மாதிரி ரயிலுக்கு 40-க்கு 1 அளவில் சரிவு இருந்தால் நல்லது. அதாவது 40 செ.மீ. முன்னால் போனால் 1 செ.மீ. ஏறலாம். அப்படியென்றால் 30 செ.மீ. ஏற 1200 செ.மீ., அதாவது 12 மீட்டர் வேண்டும். அறையோ நான்கு மீட்டர்கூட இல்லை. ரயில் சுவரை உடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

வழி ஒன்றுதான். நீளமான பாதையைச் சுருட்டி விடுவது. கொசுவத்திச் சுருளின் நடுவைப் பிடித்து மேலே தூக்கினால் எப்படி நிற்கும்? கிட்டத்தட்ட அதே மாதிரி. ஆனால் எல்லாச் சுற்றும் ஒரே அகலத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக. இதை ஹீலிக்ஸ் என்கிறார்கள். நாம் சுருள்பாதை என்று சொல்லலாம். ஜெர்மனியில் இதற்கான பாகங்களை வெட்டியே பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அங்கே வேலை பார்க்கும் மாமா பையன் அப்படி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கணக்கு

வட்டத்தின் ஆரம் 36 செ.மீ. சுற்றளவு = 2 × 3.14 × 36 = 226 செ.மீ. ஒரு சுற்றுக்கு 6 செ.மீ. ஏற்றம். 226-ஐ 6 ஆல் வகுத்தால் சுமார் 38. ஆக 38-க்கு 1 சரிவு. ஐந்து சுற்றில் 30 செ.மீ. வந்துவிடும். மொத்தப் பாதை 11.3 மீட்டர். ஆனால் அது பிடிக்கும் இடம் 82 செ.மீ. சதுரம் மட்டுமே!

"ஏன் 6 செ.மீ.? 3 வைத்தால் சரிவு பாதியாகுமே?" என்று கேட்டேன். நிஜத்தில் 4 மீட்டர் உயரப் பெட்டி இங்கே 2.5 செ.மீ. பலகை 6 மி.மீ. தண்டவாளம் சுமார் 5 மி.மீ. இதுவே 3.6 செ.மீ. ஆகிவிட்டது. 3 வைத்தால் பெட்டியின் கூரை மேல் பலகையில் இடிக்கும். 6 வைத்தால் கவிழ்ந்த பெட்டியை விரல் விட்டு எடுக்கவும் இடம் இருக்கும். சரி, தாராளமாக 8 வைக்கலாமா? அப்போது சரிவு 28-க்கு 1 ஆகிவிடும். என்ஜின் முக்கும். இடைவெளிக்கும் சரிவுக்கும் நடுவே நடக்கும் பேரம்தான் சுருள்பாதை.

கட்டிய விதம்

பெட்டியில் வளைவாக வெட்டிய 3 மி.மீ. பிளைவுட் துண்டுகள் 80 இருந்தன. ஒரு வளையத்துக்கு எட்டுத் துண்டு, அதன் மேல் இன்னொரு எட்டுத் துண்டு. செங்கல் சுவர் கட்டும்போது கொத்தனார் கீழ் வரிசை இணைப்புக்கு மேல் முழுக்கல் வைப்பார் பாருங்கள், அதே முறைதான். கீழ் இணைப்பு வரும் இடத்தில் மேல் துண்டின் நடுப்பகுதி வர வேண்டும். பசை தடவி கிளிப் போட்டு ஒரு ராத்திரி விட்டால் 6 மி.மீ. கெட்டிப் பலகை தயார்.

வளையத்தைத் தாங்க முழு நீளமும் மரை போட்ட 16 கம்பிகள். எட்டு இடத்தில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஒவ்வொரு கம்பியிலும் பலகைக்குக் கீழே ஒரு நட்டு, மேலே ஒரு நட்டு.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வருகிறது. அந்தக் கம்பி 6 மி.மீ. தடிமன். அதில் நட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் சரியாக 1 மி.மீ. ஏறும். ஒரு சுற்றுக்கு 60 மி.மீ. ஏற வேண்டும், எட்டுத் தாங்கிகள். 60-ஐ 8 ஆல் வகுத்தால் 7.5. ஆகவே ஒவ்வொரு தாங்கியும் முந்தியதைவிட ஏழரைச் சுற்று உயரம். அடிக்கோல் தேவையே இல்லை, சுற்றை எண்ணினால் போதும். யோசித்துப் பாருங்கள், அந்த மரையும் ஒரு குட்டிச் சுருள்பாதைதானே!

ஒரு வளையம் முடிந்ததும் அதில் தண்டவாளம் பதித்து, இணைப்புகளைச் சால்டரிங் செய்து, ஒயர் கொடுத்து, ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த வளையம். மேல் வளையம் வந்துவிட்டால் 6 செ.மீ. சந்தில் கை நுழைத்து வேலை செய்வது ரொம்பக் கஷ்டம். ஒயரும் ஒவ்வொரு சுற்றுக்கும் தனியாக வேண்டும். மெல்லிய தண்டவாளத்தில் மின்தடை அதிகம். கீழே மட்டும் மின்சாரம் கொடுத்தால் மேலே போகப் போக ரயில் சோர்ந்துவிடும்.

நடுவில் 62 செ.மீ. ஓட்டை. மேசைக்கு அடியில் தவழ்ந்து போய் அதில் எழுந்து நின்றால் எல்லா வளையமும் கைக்கு எட்டும். மாமாவுக்கு முட்டிவலி, தவழ முடியாது. அதனால் உள்பக்க நட்டுகள் எல்லாம் நான் முடுக்கியவைதான்!

ஏறியதா?

சமதளத்தில் அந்த என்ஜின் 14 பெட்டிகளை இழுத்தது. சுருள்பாதையில் 8 பெட்டி வரை ஏறியது. ஒன்பதாவது பெட்டியை மாட்டினால் சக்கரம் வழுக்கியது. ஏன்? என்ஜின் 90 கிராம், எட்டுப் பெட்டிகள் 240 கிராம், மொத்தம் 330 கிராம். 38-க்கு 1 சரிவில் இதில் 38-இல் ஒரு பங்கு, சுமார் 9 கிராம், பின்னோக்கி இழுக்கிறது. என்ஜின் தன் எடையையும் தானே தூக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். இதோடு வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உரசும் தடையும் சேரும். அதனால் ஒரே சரிவாக இருந்தாலும் நேர்ப்பாதையைவிடச் சுருளில் ஏறுவது கடினம்.

நிஜ ரயிலும் சுருளும்

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் டெஹாச்சப்பி வளையத்தில் (1876) பாதை தன்னையே ஒரு முறை சுற்றி 23 மீட்டர் ஏறுகிறது. நீளமான சரக்கு ரயில் தன் வால் பெட்டிகளுக்கு மேலேயே பாலத்தில் போகும்! சுவிட்சர்லாந்தின் புருசியோவில் (1908) ஒன்பது வளைவுகள் கொண்ட பாலம் வட்டமடிக்கிறது. டார்ஜிலிங் பாதையில் பட்டாசியா வளையம் (1919) இருக்கிறது. இலங்கையில் தெமோதரை ரயில் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் வழியாக அதே பாதை கடந்து போகிறது.

நம்ம ஊட்டி ரயில்? அது சுருட்டவில்லை. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் போட்டு, என்ஜினின் பற்சக்கரத்தால் பிடித்து ஏறுகிறது. அங்கே அதிகபட்சச் சரிவு சுமார் 12-க்கு 1. பல் இல்லாமல் வெறும் சக்கரம் அதில் நிற்காது.

கடைசியாக ஒன்று

விடுமுறை முடிந்து வந்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் சரிவை அளக்கத் தோன்றுகிறது. நம் பள்ளி நூலக வாசலில் உள்ள சாய்தளத்தையும் நாடா வைத்து அளந்தேன். உயரம் 60 செ.மீ., நீளம் 420 செ.மீ. அதாவது 7-க்கு 1. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் அதிகபட்சம் 12-க்கு 1 தான் இருக்கலாம் என்பது விதி. பல்சட்டம் போட்ட ஊட்டி ரயில் பாதையைவிட நம் சாய்தளம் செங்குத்து! எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் நூலகத்துக்கு வரும்போதெல்லாம் இரண்டு பேர் பின்னால் நின்று தள்ள வேண்டியிருக்கிறது. யாரும் இல்லாத நேரத்தில் அவன் வருவதே இல்லை.

குறை சொல்ல இதை எழுதவில்லை. 12-க்கு 1 வேண்டுமென்றால் 7.2 மீட்டர் நீளம் வேண்டும். ஐந்து மீட்டரில் வேப்பமரம் நிற்கிறது. இடம் இல்லை என்பது உண்மை. ஆனால் மாமா அறையிலும்தான் இடம் இல்லை! பாதையை மரத்துக்கு முன்னால் மடக்கி, திரும்பும் இடத்தில் ஒரு சமதளம் விட்டு, மறுபடி 3.6 மீட்டர் கொண்டுபோனால் மரமும் பிழைக்கும், தம்பியும் தனியாக ஏறுவான். அளவுகளோடு ஒரு படம் வரைந்து இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். தலைமையாசிரியர் ஐயா அவர்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நண்பர்களே, என் அளவு சரியா என்று நீங்களும் நாடாவோடு போய்ப் பாருங்கள்.



– பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்