சென்சாரை மாற்றினால் போதுமா?

மேற்கு மாம்பலத்தில் வீட்டுக்குள்ளேயே கார் நிறுத்த இடமுள்ளவர்கள் பாக்கியவான்கள். மற்றவர்களின் வண்டி வாரக்கணக்கில் தெருவோரம் உறை போர்த்தி நிற்கும். பானெட்டுக்குள் எலி குடித்தனம் வைக்கும். அது வயரைக் கடித்தால் பெரும்பாலும் காரணம் சீக்கிரம் தெரிந்துவிடும். காற்றுக் குழாயைக் கடித்தால்தான் வம்பு. வண்டி ஓடும், ஆனால் துரைசாமி சப்வே நெரிசலில் நிற்கும்போது ஐட்லிங் தடுமாறும், செக் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரியும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் 'பி0171' என்று வரும். கலவை லீன், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. புகார் சொன்னவனையே தூக்கி உள்ளே வைக்கிற கதை இது.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். புகைக்குழாயில் செருகியிருக்கும் சென்சார், எரிந்தபின் மிஞ்சும் ஆக்ஸிஜனைப் பார்க்கிறது. சாதாரண வகைச் சென்சாரில் லீன் என்றால் 0.1 வோல்ட் அளவில், ரிச், அதாவது பெட்ரோல் அதிகம் என்றால் 0.9 வோல்ட் அளவில் மின்னழுத்தம் கிடைக்கும். அதைப் பார்த்து இன்ஜினின் கணினியான இசியூ இன்ஜெக்டரைக் கூடுதல் நேரமோ குறைந்த நேரமோ திறந்து வைக்கிறது. இந்தத் திருத்தத்தின் சதவீதம்தான் ஃபியூயல் டிரிம். பூஜ்யத்துக்கு இருபுறமும் பத்து வரை இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். இருபதைத் தாண்டி ஏறினால் விளக்கு எரியும் நேரம் நெருங்கிவிட்டது.

கவனியுங்கள், சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது. ஒரு பிளக் சரியாகப் பொறி தராவிட்டால், எரியாத பெட்ரோலோடு ஆக்ஸிஜனும் வெளியே வரும். சென்சார் அதையும் லீன் என்றே சொல்லும். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் விரிசல் இருந்து வெளிக்காற்று புகுந்தாலும் அதே பதில்தான்.

அதனால் நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பானரைத் தொடமாட்டார். ஐட்லிங்கில் டிரிம் எவ்வளவு, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் எவ்வளவு என்று பார்ப்பார். ஐட்லிங்கில் 22, வேகம் கூட்டினால் 4 என்றால், எங்கோ காற்று ஒழுகுகிறது. ஐட்லிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான். அதில் ஓட்டை வழியே வருவது பெரிய பங்கு. வேகம் கூடும்போது அந்தப் பங்கு சுருங்கிவிடும். மாறாக, மேம்பாலம் ஏறும்போது டிரிம் எகிறினால் பெட்ரோல் பம்ப் அல்லது ஃபில்டர் மீது சந்தேகம் திரும்பும்.

ஒழுகலைக் கண்டுபிடிக்கும் இந்தக் கணக்கு காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள கார்களுக்கே சரியாகப் பொருந்தும். நம் சிறிய கார்கள் பல, இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணிப்பவை. அவற்றில் ஒழுகல் இருந்தால் டிரிம் ஏறுவதைவிட ஐட்லிங் வேகம் கூடுவதுதான் முதல் அறிகுறி.

இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால், இந்தக் கலவை ஒரு கிலோவுக்கு சுமார் 13.5 கிலோ காற்று போதும். 10 சதவீதக் கலவைக்கென அமைத்த வண்டியில் டிரிம் நான்கைந்து கூடுதலாகக் காட்டினால் அது பழுதல்ல. இசியூ தன் வேலையைச் செய்கிறது. கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800-இல் அப்படிச் சரிசெய்ய ஒருவரும் இல்லை. பெட்ரோல் வரும் ஜெட்டைத்தான் பெரிதாக மாற்றிப் பார்க்க வேண்டும்.