காரின் பின் அச்சு: கழற்றுவதும் பூட்டுவதும்

அம்பாசடர் காரின் பின்புறம் குனிந்து பார்த்தால், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே பானை போன்ற ஒரு பகுதி புடைத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். அதன் இரு பக்கங்களிலும் குழல்கள் சக்கரங்கள் வரை நீண்டு செல்கின்றன. இதுவே பின் அச்சு. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத் தழுவி, கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் தயாரிக்கப்பட்ட இந்தக் காரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆனால் பழுது நின்றுவிடுமா?

பின் அச்சைக் கழற்ற ஜாக்கியும் ஸ்பானரும் இருந்தால் மட்டும் போதாது. அதைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு போல்ட்டும் ஏதோ ஒரு விசையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. போல்ட்டை அவிழ்க்கும்போது அந்த விசையையும் அவிழ்த்து விடுகிறோம். எது எதைத் தாங்குகிறது என்று தெரியாமல் காரின் அடியில் படுப்பது உயிருக்கே ஆபத்தாகும்.

அச்சு செய்யும் வேலைகள்

எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியைப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அச்சுக்குக் கொண்டுவருகிறது. அங்கே பினியன் என்னும் சிறிய பற்சக்கரம், கிரவுன் வீல் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பினியனில் 8 பற்களும் கிரவுன் வீலில் 39 பற்களும் இருந்தால், ஷாஃப்ட் 4.875 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். வேகம் குறைகிறது, அந்த அளவுக்குத் திருப்பு விசை கூடுகிறது.

அடுத்தது டிஃபரன்ஷியல். பின் சக்கரங்களுக்கு இடையே 1.35 மீட்டர் இடைவெளி உள்ள கார், வந்த வழியே அரைவட்டமாகத் திரும்பினால், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறக்குறைய 4.2 மீட்டர் கூடுதலாக உருளவேண்டும். இரண்டும் ஒரே தண்டில் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தால் டயர்கள் தரையில் தேய்ந்து போகும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்லிணைப்பே டிஃபரன்ஷியல்.

மூன்றாவது வேலை சுமை தாங்குவது. அச்சை லீஃப் ஸ்பிரிங் எனப்படும் வில்பட்டைகளோடு யூ போல்ட்டுகள் பிணைக்கின்றன. காரின் எடையைத் தாங்குவதும், சக்கரங்களின் உந்துவிசையைக் காருக்குக் கொடுப்பதும், சக்கரங்கள் முன்னோக்கிச் சுழலும்போது அச்சின் கூடு பின்னோக்கித் திருகிக்கொள்ளாமல் பிடித்து வைப்பதும் இந்த வில்பட்டைகளே.

கழற்றத்தான் வேண்டுமா?

பின்புறம் இரைச்சல் கேட்டவுடன் அச்சை இறக்கிவிட வேண்டியதில்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஒரு விதமாகவும், காலை எடுக்கும்போது வேறு விதமாகவும் ஊளையிட்டால் பற்சக்கரங்களைச் சந்தேகிக்கலாம். ஆக்ஸிலரேட்டரால் மாறாமல், வேகத்துக்கேற்ப மட்டும் கூடிக் குறையும் உறுமல் பெரும்பாலும் சக்கர பேரிங்கிலிருந்து வருவது. கார் புறப்படும்போது மட்டும் ‘டக்’ என்று கேட்டால் யுனிவர்சல் ஜாயிண்டைப் பார்க்கவேண்டும்.

மாரிஸ் வகை அச்சில், பக்கத் தண்டுகளைச் சக்கரத்தின் பக்கமாக உருவிவிட்டு, பற்சக்கரத் தொகுதியை மட்டும் முன்பக்கமாக வெளியே எடுக்க முடியும். கூடு வளைந்திருந்தாலோ, விரிசல் கண்டிருந்தாலோதான் முழு அச்சையும் இறக்கவேண்டும்.

கார் உருளாமல் இருக்க

கைப்பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பிரேக் டிரம்மைக் கழற்ற அதையும் தளர்த்தியாக வேண்டும். கியரில் விட்டிருக்கிறோமே என்று நம்பலாமா? ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கியிருந்தால், டிஃபரன்ஷியலின் செயலால் அது எதிர்த்திசையில் சுற்றிக்கொள்ள, தரையிலுள்ள சக்கரம் உருண்டுவிடும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிய பிறகோ கியருக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. ஆகவே சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுப்பது முதல் வேலை.

ஜாக்கி தூக்குவதற்கு உரிய கருவி. தாங்கி நிற்பதற்கு அன்று. காரைத் தூக்கியதும், வில்பட்டையின் முன்முனைக்கு முன்னால் உள்ள உறுதியான இடங்களில் இருபுறமும் இரும்புத் தாங்கிகளை வைத்து, உடலை அவற்றின்மேல் இறக்கவேண்டும். செங்கல் திடீரென்று நொறுங்கிவிடும், அதை நம்பக்கூடாது.

கழற்றும் வரிசை

உடலைத் தாங்கிகளில் நிறுத்தியபின், ஜாக்கியை அச்சின் நடுவே கொடுத்து அதன் எடையை ஏற்கச் செய்யுங்கள். சக்கரங்களைக் கழற்றி, எண்ணெயை வடித்துவிடுங்கள். வடிந்த எண்ணெயில் இரும்புத் துணுக்குகள் இருந்தால் பற்களோ பேரிங்குகளோ சிதைகின்றன என்று பொருள்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட் அச்சோடு சேரும் இரு விளிம்புகளிலும் ஒரு கோடு கீறிவிட்டுக் கழற்றுங்கள். மீண்டும் அதே நிலையில் பூட்டினால் பழைய சமநிலை மாறாது. பிறகு கைப்பிரேக் கம்பி, பிரேக் எண்ணெய்க் குழாய் ஆகியவற்றைப் பிரித்து, தூசி நுழையாதவாறு குழாயின் வாயை அடையுங்கள். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதன் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும்.

ஷாக் அப்சார்பர்களை அடுத்ததாகவும், யூ போல்ட்டுகளை எல்லாவற்றுக்கும் கடைசியிலும் கழற்றவேண்டும். யூ போல்ட் விட்டதும் அச்சைப் பிடிக்க ஜாக்கியைத் தவிர வேறொன்றும் இல்லை. நடுவில் கனம் மிகுந்த அச்சு ஒருபுறம் சாயப் பார்க்கும். எனவே பக்கத்துக்கு ஒருவர் பிடித்துக்கொள்வது அவசியம். அச்சு வில்பட்டையின் மேல் அமர்ந்திருந்தால், வில்பட்டையின் பின்முனையைக் கழற்றித் தாழ்த்தி அச்சை வெளியே எடுக்கலாம்.

ஒன்றை மட்டும் தொடவேண்டாம். அதுதான் பினியன் நட்டு. பினியனும் கிரவுன் வீலும் கவ்வும் ஆழத்தை மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கணக்கில் சரிசெய்து வைத்திருக்கிறார்கள். அளவுக் கருவிகள் இல்லாமல் அதைக் கலைத்தால் புதுப் பற்களும் விரைவில் தேய்ந்துவிடும்.

மீண்டும் பூட்டும்போது

வில்பட்டையின் நடுப் போல்ட்டின் தலை, அச்சிலுள்ள இருக்கையின் துளையில் சரியாகப் பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் அச்சு கோணலாக நிற்கும். கார் ஒரு பக்கம் இழுக்கும். யூ போல்ட் நட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். வில்பட்டையும் அச்சும் நகராமல் இருப்பது பெரும்பாலும் இந்த இறுக்கத்தால் ஏற்படும் உராய்வினால்தான். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் இறுக்கிப் பார்க்கவேண்டும்.

வில்பட்டை முனைகளிலுள்ள ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கார் அந்தரத்தில் இருக்கும்போது முழுதும் இறுக்கிவிடாதீர்கள். தரையில் இறக்கியதும் வில்பட்டை நிமிரும். இறுகிப் பிடிபட்ட ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும். காரின் எடை சக்கரங்களில் வந்த பிறகே கடைசி இறுக்கம்.

அச்சின் மேலுள்ள சிறு காற்றுத் துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அது அடைபட்டால், சூடேறி விரியும் காற்று எண்ணெயைச் சீல்களின் வழியே பிரேக்கினுள் தள்ளிவிடும். பிறகு ஹைப்பாய்டு பற்களுக்கென்று உள்ள, தயாரிப்பாளர் குறிப்பிட்ட கியர் எண்ணெயை ஊற்றுங்கள். இவ்வகைப் பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று சறுக்கவும் செய்வதால் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும்.

இறுதியாகப் பிரேக். குழாயைத் திறந்ததால் உள்ளே காற்று புகுந்திருக்கும். திரவம் எளிதில் அமுங்காது, காற்று அமுங்கும். அந்தக் காற்று முழுவதும் வெளியேறும்வரை பெடல் பஞ்சுபோல் அழுந்தும், பிரேக் பிடிக்காது. பெடல் கெட்டியாக நின்ற பிறகே கார் தெருவுக்கு வரலாம். முதல் ஓட்டம் மெதுவாகவும் அருகிலும் இருக்கட்டும். திரும்பி வந்ததும் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, ஒரு சக்கரம் மட்டும் மிகுதியாகச் சூடாகிறதா என்று பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.